வயரில் ஊசித்துளை: சிறிய தொழிற்சாலைக்கு எந்தச் சோதனைக் கருவி?

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஒரே ஒரு எக்ஸ்ட்ரூடரை, அதாவது பிவிசியை உருக்கிச் செம்பின் மேல் போர்த்தும் இயந்திரத்தை, வைத்து வீட்டு வயர் செய்யத் தொடங்குபவர் இயந்திரத்தின் விலையையும் செம்பின் விலையையும் பிவிசி கொம்பவுண்ட் வரும் வழியையும் நன்றாகக் கணக்குப் பார்த்துவிடுவார். இன்சுலேஷனில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்கு வரும்போதுதான் கை சுருங்கும். "அதைப் பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவைத்துவிடுவார். அந்தக் கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 100 மீட்டருக்குள் ஓடும் லைனுக்கு, மணிச்சங்கிலி வைத்த 50 ஹெர்ட்ஸ் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வேண்டும்; ஓடும் வயரின் துளையை உயர் வோல்ட்டேஜ் பொறியால் பிடிக்கும் கருவி அது. அதற்குத் துணையாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். இதைவிட விலை கூடியதை வாங்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதில் பாதியே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பேச்சிலும் விஷயம் இருப்பதால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

ஓட்டை என்று நான் சொல்வது பெரும்பாலும் கண்ணுக்குப் படாத ஊசித்துளை. கொம்பவுண்டில் ஈரம் ஏறியிருந்தால், டை என்ற எக்ஸ்ட்ரூடர் வாயை விட்டு வெளியே வரும் நேரம் அந்த ஈரம் நீராவியாகிக் குமிழி விடும். எக்ஸ்ட்ரூடர் தலைக்குள் எங்காவது தேங்கிக் கருகிய பிவிசி துணுக்காகப் பெயர்ந்து வந்தால், அதைச் சுற்றி நல்ல பிவிசி ஒட்டிக்கொள்ளாது. ஏழு இழைக் கம்பியில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டு வந்தால் அது உள்ளிருந்தே துளைத்துவிடும். கருகிய துணுக்கு ஒன்று வந்த இடத்தை வெட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பாருங்கள். துணுக்கு அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. கரும்பழுப்பு நிறம், ஓரம் கூராக இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் மயிரிழை அகலத்துக்கு ஓர் இடைவெளி. விளக்கைச் சரித்துப் பிடித்தால் அந்த இடைவெளியின் அடியில் செம்பு மினுங்கும். வயரை விரலால் தடவிக்கொண்டு போனால் அந்த இடம் கையில் தட்டுப்படவே மாட்டாது.

நம் பக்கத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது ஈரம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஊர்களில், வாடைக்காற்று வீசும் மாதங்களில், வாய் திறந்து வைத்த கொம்பவுண்ட் மூட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிவிசியை விட அதில் கலந்திருக்கும் நிரப்பிப் பொடிகள்தான் ஈரத்தைப் பிடித்துவைப்பவை. கொம்பவுண்ட் கொட்டும் ஹொப்பரில் உலர்த்தி இல்லாத லைன் வெயில் காலத்தில் நல்ல வயர் தந்துவிட்டு, அதே டையோடு, அதே வெப்பத்தில், மாரியில் குமிழி வயர் தரலாம்.

அந்த வயர் போய்ச் சேரும் இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கல்லடியிலோ மருதமுனையிலோ ஒரு வீட்டின் சுவருக்குள், கொன்டியூட் குழாயில் அது கிடக்கும். காய்ந்த காலத்தில் ஊசித்துளையால் ஒன்றும் ஆகாது, சுற்றிவரக் காற்றுத்தான். மாரியில் சுவர் நனைந்து குழாய்க்குள் தண்ணீர் நின்றால், அந்தத் துளை வழியாகக் கரண்ட் கசியத் தொடங்கும். டிரிப் சுவிட்ச் விழும். நிமிர்த்தினால் திரும்ப விழும். மழை விட்டு இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும், பழுது எங்கே என்று வயரிங் பாஸுக்கும் பிடிபடாது. இப்படித் தொல்லைப்படும் வீட்டில் கடைசியில் டிரிப் சுவிட்சையே கழற்றி நேராகக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இதில் மிகவும் பயமான இடம் இதுதான். 30 மில்லியம்பியரில் ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பாற்ற வைத்த சுவிட்ச், தொழிற்சாலையில் எவரும் பார்க்காமல் விட்ட துளையால் சுவரை விட்டே இறங்கிவிடுகிறது.

மெகர் ஏன் காணாது

சின்னத் தொழிற்சாலைகளில் முதலில் வரும் கேள்வி இது: "தம்பி, மெகர் ஒண்டு கிடக்குத்தானே, அது காணாதா?" மெகர் என்பது 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர். காணாது அண்ணன். தனி வயர்ச் சுருளை மேசையில் வைத்து, மெகரின் ஒரு கிளிப்பைச் செம்பிலும் மற்றதை வயரின் வெளிப்பக்கத்திலும் பிடித்தால் முள் முடிவிலிக்குப் போகும். ஆயிரம் ஓட்டை இருந்தாலும் போகும். கிளிப் தொட்ட அந்த ஒரு சென்டிமீட்டரைத்தான் அது பார்க்கிறது. மிச்சம் முழுவதையும் காற்று மூடியிருக்கிறது.

காற்றைத் தாண்ட என்ன வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு மில்லிமீட்டர் காற்று உடைவதற்கு ஏறத்தாழ 3 கிலோவோல்ட் வேண்டும், சிறிய இடைவெளிகளில் அதைவிடக் கொஞ்சம் கூட. வீட்டு வயரில் அதிகம் ஓடும் 7/0.67, அதாவது 0.67 மில்லிமீட்டர் இழை ஏழு கொண்ட 2.5 சதுர மில்லிமீட்டர் வயரின் இன்சுலேஷன் தடிப்பு 0.8 மில்லிமீட்டர். மெகரின் 500 வோல்ட் தாண்டக்கூடிய காற்றிடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். ஆகவே துளைக்கு நேரே கிளிப்பை வைத்தாலும் 500 வோல்ட் அந்தத் துளைக்குள் இறங்கிச் செம்பைத் தொடாது. வயரிங் முடிந்த வீட்டைப் பார்க்க மெகர் அருமையான கருவி. காய்ந்த சுருளுக்கு அது சோதனையே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

தண்ணீர்த் தொட்டி

காற்றை அகற்றிவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை வைத்தால் நிலைமை மாறும். துளைக்குள் தண்ணீர் போய்ச் செம்பைத் தொட்டுவிட்டால் சிறிய வோல்ட்டேஜிலும் பழுது தெரியும். தரநிலைகளும் இதைத்தான் கேட்கின்றன. பிவிசி வயருக்கான ஐஇசி 60227 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, முடித்த வயரில் குறைந்தது 10 மீட்டர் மாதிரியை 20 பாகை செல்சியஸ் அளவில் உள்ள தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, செம்புக்கும் தண்ணீருக்கும் இடையே 5 நிமிடம் வோல்ட்டேஜ் கொடுக்க வேண்டும். 450/750 வோல்ட் வகை வயருக்கு அது 2,500 வோல்ட். இலங்கைத் தரச் சின்னமான எஸ்எல்எஸ் மார்க் எடுக்க நினைப்பவருக்கு இந்த மாதிரி வோல்ட்டேஜ் சோதனையிலிருந்து தப்ப வழியில்லை. எனவே தொட்டியா ஸ்பார்க் டெஸ்டரா என்று கேட்பதே சரியில்லை. தொட்டி எப்படியும் வேண்டும். அது மட்டும் போதுமா என்றுதான் கேட்க வேண்டும்.

தொட்டியின் பெருமை அதன் எளிமை. சீமெந்துத் தொட்டி அல்லது பிளாஸ்டிக் பீப்பாய், 3 கிலோவோல்ட் வரை தரும் டிரான்ஸ்போமர், கசிவுக் கரண்ட் காட்டும் மீட்டர், டைமர், மூடியைத் திறந்தால் கரண்டை அறுக்கும் சுவிட்ச், இவ்வளவுதான். உள்ளூரில் கட்டலாம், உள்ளூரில் திருத்தலாம். வோல்ட்டேஜ் ஐந்து நிமிடம் முழுவதும் நிற்பதால், கண நேரத்தில் பிடிபடாத நலிந்த இடங்களும் இதில் சில வேளை விழுந்துவிடும்.

குறை என்னவென்றால் அது மாதிரியை மட்டுமே பார்க்கும். ஆயிரம் மீட்டர் ட்ரம் ஒன்றில் பத்து மீட்டரைப் பார்த்துவிட்டு மிச்சத்தை நம்ப வேண்டும். கருகிய துணுக்கு எந்த மீட்டரில் வரும் என்று அட்டவணை போட்டு வருவதில்லை. சரி, எல்லாச் சுருளையும் தண்ணீரில் போட்டால்? போடலாம், செய்கிறவர்களும் உண்டு. அப்போது வேறு சிக்கல்கள் வரும். 100 மீட்டர் சுருள் விழுந்துவிட்டால் ஓட்டை எங்கே என்று தொட்டி சொல்லாது. முழுச் சுருளையும் கழிக்க வேண்டும், அல்லது திரும்பச் சுற்றித் தேட வேண்டும். துளை உள்ள ஏழு இழை வயரில் தண்ணீர் இழைகளுக்கு இடையே ஏறிக்கொள்ளும், செம்பு பச்சை பிடிக்கும். நனைந்த சுருளைக் காயவைத்துத்தான் பொதி செய்ய வேண்டும். மார்கழி மழையில் அது எங்கே காயும்? எல்லாவற்றையும் விட, இன்று காலை எக்ஸ்ட்ரூடர் தலையில் தொடங்கிய பழுது நாளை மாலை தொட்டியில்தான் தெரியவரும். அதற்குள் ஒரு நாள் உற்பத்தி முழுவதும் அதே பழுதோடு ட்ரம்மில் ஏறியிருக்கும்.

ஸ்பார்க் டெஸ்டர்: நான்கு வகை, ஒரே வேலை

வயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் பார்ப்பது ஸ்பார்க் டெஸ்டர். செம்பு எர்த்தில் இருக்கும். வயரின் வெளிப்பக்கம் உயர் வோல்ட்டேஜ் உள்ள ஒரு பெட்டியைக் கடந்து போகும். நல்ல பிவிசி தாங்கும். துளை வந்தால் அங்கேயுள்ள காற்று உடைந்து பொறி செம்புக்குப் பாயும். கருவி அதை ஒரு பழுதாக எண்ணி, மணி அடிக்கும்.

இதற்கு வோல்ட்டேஜ் எவ்வளவு வைப்பது என்பதற்கு ஐஇசி 62230 என்ற தரநிலை இருக்கிறது. தடிப்பு 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரையுள்ள இன்சுலேஷனுக்கு ஏசியில் 6 கிலோவோல்ட், டிசியில் அதன் ஒன்றரை மடங்கான 9 கிலோவோல்ட். ஒன்றரை மடங்கு ஏன் என்றால், ஏசி 6 கிலோவோல்ட் என்று சொல்லும்போது அதன் உச்சி 8.5 கிலோவோல்ட் அளவுக்குப் போய்வருகிறது. 0.8 மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட இது தாராளம். 0.8 மில்லிமீட்டர் நல்ல பிவிசியை உடைக்க இது போதாது. துளையையும் நல்ல பிவிசியையும் பிரித்துக் காட்டுவது இந்த நடு இடைவெளிதான். "எதற்கும் கூட்டி வைப்போம்" என்று 12 கிலோவோல்ட்டில் ஓட்டினால் நல்ல வயரையே நோகடிப்பீர்கள். குறைத்து வைத்தால் துளை தப்பிவிடும்.

பெட்டிக்குள் பார்த்தால் நூற்றுக்கணக்கான சின்ன உலோக மணிகள் சங்கிலி சங்கிலியாகத் திரைபோல் தொங்கும். வயர் அவற்றுக்கிடையே நுழைந்து போகும்போது மணிகள் அதன் நான்கு பக்கத்திலும் சாய்ந்து தொடும். கொஞ்ச நாள் ஓடிய பெட்டியைத் திறந்தால் நடுவில் உள்ள சங்கிலிகளின் நுனி மெலிந்து, பிவிசித் தூசி படிந்து, சில சங்கிலிகள் அறுந்து விழுந்திருக்கும். அறுந்த இடத்துக்கு நேரே வயரின் அந்தப் பக்கம் சோதிக்கப்படாமலே போகிறது, மீட்டர் மட்டும் அதே 6 கிலோவோல்ட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். ஈரமான காற்றில் உயர் வோல்ட்டேஜ் நின்றால் ஓசோனும் அதோடு கொஞ்சம் நைத்திரிக்கமிலமும் உண்டாகும். அதோடு உப்புக்காற்றும் சேர்ந்தால் சாதாரண மணி சீக்கிரம் அரித்துப்போகும். வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு மணி கேளுங்கள், ஒரு கட்டு உபரிச் சங்கிலியும் சேர்த்து எடுங்கள்.

வகைகளுக்கு வருவோம். 50 ஹெர்ட்ஸ், உயர் அதிர்வெண், டிசி, இம்பல்ஸ் என்று நான்கு.

இம்பல்ஸை உடனே ஒதுக்கிவிடலாம். மிகக் குறுகிய துடிப்புகளாக வோல்ட்டேஜ் கொடுக்கும் இது, விமானங்களுக்குப் போகும் மெல்லிய டெஃப்லோன் வகை வயர்களுக்கு உரியது. சுவருக்குள் போகும் பிவிசி வயருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

50 ஹெர்ட்ஸுக்கும் உயர் அதிர்வெண்ணுக்கும் இடையில்தான் உண்மையான தெரிவு இருக்கிறது, அது லைனின் வேகத்தைப் பொறுத்தது. வயரின் எந்தப் புள்ளியும் பெட்டிக்குள் குறைந்தது 9 முழு அலைகளைச் சந்திக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் தர நிறுவனமான யுஎல்லின் விதி. 50 ஹெர்ட்ஸில் 9 அலை என்றால் 0.18 வினாடி. நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடும் லைனில் வயர் வினாடிக்கு ஒரு மீட்டர் போகிறது, ஆகவே மணிப்பெட்டி 180 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் போதும். 100 மீட்டர் வேகத்துக்கு 300 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 300 மீட்டர் ஓட்டும் பெரிய தொழிற்சாலைக்கு 900 மில்லிமீட்டர் வேண்டிவரும். அங்கேதான் 50 ஹெர்ட்ஸ் சிரமப்படத் தொடங்கும். 3 கிலோஹெர்ட்ஸ் கருவியில் அதே 9 அலை 3 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். 300 மீட்டர் வேகத்திலும் 15 மில்லிமீட்டர் போதும். வேகமான லைன்கள் உயர் அதிர்வெண்ணுக்குப் போன காரணம் இதுதான்.

ஒரு தனி எக்ஸ்ட்ரூடரில் 7/0.67 போடும் சின்னத் தொழிற்சாலை 300 மீட்டர் வேகத்தைத் தொடப்போவதில்லை. குளிர்த் தொட்டியின் நீளமும் செம்பு அவிழ்க்கும் பொபினின் நிலைமையும் அதை விடாது. அப்படியிருக்க, உயர் அதிர்வெண்ணின் மிகப் பெரிய அனுகூலம் இங்கே பயன்படாமலே கிடக்கும். அதன் குறை மட்டும் வந்து சேரும். அந்தக் கருவிக்குள் இருப்பது எலெக்ட்ரோனிக் போர்டு. அது எரிந்தால் மட்டக்களப்பில் திருத்த ஆள் தேட வேண்டும், கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும், சில வேளை நாட்டுக்கு வெளியிலிருந்தே போர்டு வர வேண்டும். அந்த இடைக்காலத்தில் லைனை நிறுத்துவீர்களா, சோதனை இல்லாமல் ஓட்டுவீர்களா? ஓட்டத்தான் மனம் வரும். 50 ஹெர்ட்ஸ் கருவியின் இதயம் ஒரு டிரான்ஸ்போமர். மோட்டர் சுற்றத் தெரிந்தவர் அதைப் பார்த்துக் கொள்ளலாம். சோதனை இல்லாமல் லைன் ஓடும் நாட்கள் குறைவதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் முன்னுக்கு நிற்கிறது.

உயர் அதிர்வெண்ணின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. தவறுதலாகக் கை பட்டால் 50 ஹெர்ட்ஸ் அதிர்ச்சி இதயத்துக்கு மிகவும் ஆபத்தானது. கிலோஹெர்ட்ஸில் அந்த ஆபத்து குறைவு, தீக்காயம்தான் பெரும்பாலும். ஆகவே 50 ஹெர்ட்ஸ் வாங்குபவர், மூடியைத் திறந்த கணமே உயர் வோல்ட்டேஜை அறுக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அந்தச் சுவிட்சைக் கம்பி கட்டி அடைத்து வைத்திருக்கும் பழைய கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். மறுபக்கம், வயருக்கும் மணிகளுக்கும் இடையே ஒரு மின்கொள்ளளவி (கப்பாசிட்டர்) இருக்கிறது; ஒரே நீள மணிப்பெட்டியில் 3 கிலோஹெர்ட்ஸ் இழுக்கும் கரண்ட் 50 ஹெர்ட்ஸைப் போல 60 மடங்கு. மெல்லிய வயருக்கு அது பொருட்டில்லை, தடித்த கேபிளுக்குப் போனால் கருவி திணறும்.

டிசிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதில் இந்தக் கொள்ளளவிக் கரண்ட் இல்லாததால், பழுது வந்தால் மட்டுமே கரண்ட் தெரியும், குழப்பம் குறைவு. ஆனால் வயரின் மேல் மின்னேற்றம் தங்கிவிடும். அதைப் போக்க இன்னொரு எர்த் பிரஷ் வைக்காவிட்டால், ட்ரம்மில் சுற்றும் பிள்ளைக்குச் சுரீரென்று அடிக்கும். தவிர, மணி நேரடியாகத் தொடாத பக்கத்தை டிசி அவ்வளவு நன்றாகப் பார்க்காது. 50 ஹெர்ட்ஸ் கிடைக்காத நிலையில் டிசி எடுப்பதில் தவறில்லை. இரண்டும் கிடைத்தால் நான் அதை எடுக்க மாட்டேன்.

50 ஹெர்ட்ஸை இவ்வளவு பேசிய பிறகு அதன் பெரிய பலவீனத்தையும் சொல்ல வேண்டும். விலை குறைந்த கருவிகளில் உயர் வோல்ட்டேஜ் நேராக மெயின்ஸிலிருந்து வேரியாக் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்போமர்) வழியாக வரும். மெயின்ஸ் 230 இலிருந்து 200 க்கு இறங்கினால், நீங்கள் காலையில் வைத்த 6 கிலோவோல்ட் மாலையில் 5.2 ஆகிவிடும், எவரும் அறியமாட்டார்கள். மாலையானால் லைன் வோல்ட்டேஜ் படுத்துவிடும் ஊர்களில் இது வெறும் கற்பனை அல்ல. ஆகவே டயலில் உள்ள எண்ணை நம்பாமல், மணிப்பெட்டிக்குப் போகும் உயர் வோல்ட்டேஜையே அளந்து காட்டும் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மெயின்ஸுக்கு ஒரு ஸ்டெபிலைசரும் போடுங்கள்.

பொறிக்குத் தெரியாதவை

ஸ்பார்க் டெஸ்டர் துளையைப் பார்க்கும், தடிப்பைப் பார்க்காது. டை ஒரு பக்கம் விலகி, செம்பு நடுவில் இல்லாமல் ஓரமாக ஓடினால், ஒரு பக்கம் 1.2 மில்லிமீட்டரும் மறுபக்கம் 0.4 மில்லிமீட்டரும் வரலாம். சராசரி 0.8 தான். அந்த மெல்லிய 0.4 பிவிசியும் பெட்டிக்குள் இருக்கும் அந்தக் கால்வினாடிக்குக் குறைவான நேரத்தில் 6 கிலோவோல்ட்டைப் பெரும்பாலும் தாங்கிவிடும். மணி அடிக்காது. விதியோ எந்த ஓர் இடத்திலும் 0.62 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்கிறது: குறித்த தடிப்பில் பத்து வீதமும் அதற்கு மேல் 0.1 மில்லிமீட்டரும்தான் குறையலாம். அப்படிப்பட்ட வயரைக் கொன்டியூட்டுக்குள் இழுக்கும்போது மெல்லிய பக்கம் உரசிக் கிழியும்.

இதற்கென்று ஓடும் லைனில் கொள்ளளவை அளக்கும் கருவிகள் உண்டு. குளிர்த் தொட்டியின் தண்ணீருக்குள்ளேயே வயரைச் சுற்றி ஒரு குழாய் வைத்து, தடிப்பு மாறினால் கொள்ளளவு மாறுவதைப் பிடிக்கும். தரவு கேபிள் செய்பவர்களுக்கு அது அவசியம். லேசர் கேஜ் வெளி விட்டத்தை மட்டும் காட்டும், நடு விலகலைச் சொல்லாது. வீட்டு வயர் செய்பவருக்கு என் பரிந்துரை இரண்டும் அல்ல. ஒவ்வொரு ட்ரம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு துண்டு வெட்டி, செம்பை உருவி எடுத்து, பிளேட்டால் மெல்லிய வளையமாகச் சீவி, அளவுகோல் பதித்த சின்ன நுணுக்குக்காட்டியில் ஆறு இடத்தில் அளந்து புத்தகத்தில் எழுதுங்கள். லேசருக்குக் கொடுக்கும் பணத்தை ஹொப்பர் உலர்த்திக்குக் கொடுங்கள்.

உறை போட்ட இரட்டை வயர் செய்ய நினைத்தால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உறை ஏறிய பிறகு உள்ளே உள்ள இன்சுலேஷனின் துளையை வெளியிலிருந்து பொறியால் பார்க்க முடியாது. ஒவ்வொரு தனி வயரையும் உறைக்கு முன்பே சோதித்தாக வேண்டும்.

எங்கே வைப்பது

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அதை எக்ஸ்ட்ரூடர் லைனில் வைப்பதா, பெரிய ட்ரம்மிலிருந்து 100 மீட்டர் சுருளாகச் சுற்றும் இடத்தில் வைப்பதா? சுற்றும் இடத்தில் வைத்தால் ஒரு வசதி: மணி அடித்ததும் நிறுத்தி வெட்டலாம். எக்ஸ்ட்ரூடரை அப்படி நிறுத்த முடியாது, நிறுத்தினால் உள்ளே பிவிசி கருகி அதுவே அடுத்த ஓட்டையாகும்.

அப்படியிருந்தும் நான் எக்ஸ்ட்ரூடர் லைனையே சொல்வேன். பழுது பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் மணி அடித்தால், அதன் காரணத்தை அப்போதே பிடிக்கலாம். பழுது வரும் இடைவெளியும் பேசும். எண்ணிக்கை சீராக 63 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை வந்தால் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கப்பி ஒன்றில் பிசிறு இருக்கிறது, போய்த் தடவிப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் அள்ளி அள்ளி வந்தால் கொம்பவுண்டில் ஈரம். மணிக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் திடீரென்று ஒன்று வந்தால் கருகிய துணுக்கு, எக்ஸ்ட்ரூடர் தலையைக் கழற்றித் துடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இந்தச் செய்தி எதுவும் அடுத்த நாள் சுற்றும் இடத்தில் கிடைக்காது.

வைக்கும்போது குளிர்த் தொட்டியைத் தாண்டியவுடன் வைக்காதீர்கள். வயரின் மேல் தண்ணீர் இருந்தால் மணிகளிலிருந்து கரண்ட் அந்த ஈரத்தில் வழிந்து ஓடும். பொய் மணி அடிக்கும் அல்லது வோல்ட்டேஜ் சரியும். பொய் மணிக்கு அலுத்துப்போன ஆள் முதலில் செய்வது உணர்திறனைக் குறைப்பது, அதன்பின் உண்மைத் துளையும் தப்பும். காற்று ஊதி உலர்த்தும் வளையம் ஒன்று, அதற்கு நல்ல கம்பிரசர், அதன் பிறகு மணிப்பெட்டி. ஈரமான நம் கரையில் கம்பிரசர் குழாயிலேயே தண்ணீர் சேரும், அதற்கும் ஒரு வடிகட்டி வேண்டும்.

செம்பு எர்த் ஆகிறதா என்பது மறந்துபோகும் விஷயம். எக்ஸ்ட்ரூடர் லைனில் செம்பு வெறுமையாக வருவதால் அவிழ்க்கும் பொபின் பக்கத்தில் ஒரு கப்பியை எர்த் செய்துவிடலாம், ஒப்பீட்டில் இலேசு. சுற்றும் இடத்தில் வைத்தால் ட்ரம்மின் உள்நுனியை வெளியே எடுத்து, சுழலும் அச்சில் வளையமும் பிரஷும் வைத்து எர்த் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் பொறிக்குப் போக்கிடம் சரியாக இருக்காது, துளைகள் மௌனமாகக் கடந்து போகும்.

மணி அடித்த பிறகு

கருவி எதுவாக இருந்தாலும், மணி அடித்ததும் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டாவிட்டால் வாங்கிய பணம் வீண். லைனை நிறுத்த முடியாததால், மணி அடித்த இடம் சுற்றும் ட்ரம்மை அடையும்போது ஆள் ஒரு நிறக் காகிதத்தைச் சுருளுக்கு இடையே செருக வேண்டும், மீட்டர் கணக்கையும் குறிக்க வேண்டும். மணிப்பெட்டிக்கும் ட்ரம்முக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பது தெரிந்திருந்தால் இடம் தவறாது. பிறகு சுருளாகச் சுற்றும்போது காகிதம் வந்த இடத்தின் இரண்டு பக்கமும் தாராளமாக வெட்டிக் கழியுங்கள். டேப் சுற்றிச் சுருளுக்குள் மறைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். அந்தச் சுருளை வாங்குபவருக்கு அது எந்த மீட்டரில் இருக்கிறது என்று தெரியாது, அது சுவருக்குள்தான் போகும். நூறு மீட்டர் என்று விற்க முடியாமல் போன துண்டுகளை அளந்து, துண்டு வயராகவே விற்கலாம். கடைகளில் மீட்டர் கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐஇசி 62230 இல் ஊசியும் தட்டும் கொண்ட ஒரு செயற்கைப் பழுதுச் சாதனம் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பொறிக்கும் கருவி ஒன்று, ஒன்று மட்டும், எண்ண வேண்டும். அது கையில் இல்லாத நாளிலும், ஒரு துண்டு நல்ல வயரில் ஊசியால் செம்பு வரை துளைத்து, அதைக் காலையில் லைன் தொடங்கும்போது லைனில் முதலில் ஓடும் வயரோடு கட்டிப் பெட்டி வழியாக விடுங்கள். கருவியின் எண்ணிக்கை ஒன்று கூடினால் அன்றைய வேலையைத் தொடங்கலாம். கூடாவிட்டால் முதலில் எர்த்தையும், பிறகு சங்கிலியையும், பிறகு மீட்டரையும் பாருங்கள். எண்ணிக்கை கூடும்வரை அன்றைய வயர் ட்ரம்மில் ஏறக் கூடாது.